தன்னைத் தானே துலக்கும் கண்ணாடி

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் மின்விளக்கு இல்லை. பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வீடு திண்ணையில் ஒரே வேலை நடைபெறும். அரிக்கேன் விளக்கின் சிமினியைக் கழற்றி, முதல்நாள் இரவு அதில் படிந்த கரியைச் சாம்பலும் பழந்துணியும் கொண்டு துடைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பணி என் அக்காவுக்கு உரியது. சிமினியின் குறுகிய வாய்க்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய கை அவளுக்குத்தான் இருந்தது. ஒரு நாள் மாலை, துடைத்துக்கொண்டிருக்கும்போதே சிமினி உடைந்து அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் அவள் கையில் இருக்கிறது.

அன்றிரவு அகல் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்த நான், தன் அழுக்கைத் தானே போக்கிக்கொள்ளும் கண்ணாடி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணினேன். அது பிள்ளைப் பருவத்து ஆசை. பிறகு நானே அதை மறந்துவிட்டேன். ஆனால், அத்தகைய கண்ணாடி இப்பொழுது விற்பனைக்கே வந்துவிட்டது. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வேலை செய்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பனவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். அக்காவின் கையை அது காத்திருக்குமா என்ற கேள்விக்கும் இறுதியில் விடை காண்போம்.

முதலில், கண்ணாடியில் படியும் அழுக்கு எத்தகையது என்பதைப் பார்ப்போம். சாளரக் கண்ணாடியில் தூசு மட்டும் படிவதில்லை. அடுப்புப் புகை, வண்டிகளின் புகை, நம் விரல் பட்ட இடத்து எண்ணெய்ப் பசை ஆகியவை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக முதலில் படிகின்றன. காற்றில் வரும் தூசு அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கிறது. மழை பெய்தால், பசை படிந்த கண்ணாடியில் நீர் பரவாமல் துளித் துளியாக நிற்கிறது. துளி காய்ந்ததும் அது தாங்கியிருந்த தூசு வட்ட வட்டமான கறையாகத் தங்கிவிடுகிறது. ஆகவே, கண்ணாடியைத் தூய்மையாக்க இரண்டு காரியங்கள் நடைபெற வேண்டும். பசை அழிய வேண்டும். நீர் பரவ வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பொருள் செய்கிறது. அதன் பெயர் டைட்டானியம் டை-ஆக்சைடு.

பெயர் புதிது போல் தோன்றினாலும், இப்பொருள் உங்கள் அன்றாட வாழ்வில் இருப்பதுதான். சுவருக்குப் பூசும் வெள்ளை வண்ணம், வெண்மையான காகிதம், பிளாஸ்டிக் பொருள்கள் ஆகியவற்றுக்கு வெண்மை தருவது பெரும்பாலும் இதுவே. டைட்டானியம் என்னும் தனிமத்தை 1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைத்த கரிய மணலில் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார் முதன்முதலாகக் கண்டார். 1795-இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் கிளாப்ரோத் அதற்குக் கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரைச் சூட்டினார். நமக்கும் இதனோடு உறவு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்கள் அங்கே மணல் கருமையாகப் படிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தக் கருமைக்கு முக்கியக் காரணம் இல்மனைட் என்னும் தாது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு கூடிய அந்தக் கரிய தாதுவிலிருந்துதான் பால் போன்ற இவ்வெண்பொடியைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இந்த வெள்ளை வண்ணத்தில் ஒரு குறை இருந்தது. வெயில் படும் வெளிச்சுவரில் பூசிய வண்ணத்தைச் சில ஆண்டுகள் கழித்துக் கையால் தடவினால், வெள்ளை மாவு கையோடு வந்தது. வண்ணப் பொடியைச் சுவரோடு பிணைத்திருந்த எண்ணெயும் பிசினும் சிதைந்து போயிருந்தன. வெயில் பட்டதும் டைட்டானியம் டை-ஆக்சைடு தன்னைச் சூழ்ந்திருந்த பிசினையே தின்றுவிட்டது! வண்ணம் செய்வோர் இதைப் பெருந்தொல்லையாகக் கருதினர். அப்பொடியின் ஒவ்வொரு துகளுக்கும் அலுமினா, சிலிக்கா போன்றவற்றால் உறை போட்டு அதன் வாயைக் கட்டினர். தொல்லை என்று கருதப்பட்ட அந்தக் குணமே பிற்காலத்தில் பயனாக மாறியது.

அந்த மாற்றம் ஜப்பானில் தொடங்கியது. 1967-ஆம் ஆண்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹோண்டா கெனிச்சி என்னும் ஆசிரியரிடம் ஃபுஜிஷிமா அகிரா என்ற இளைஞர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். டைட்டானியம் டை-ஆக்சைடுப் படிகம் ஒன்றை நீரில் அமிழ்த்தி, கம்பியால் ஒரு பிளாட்டினத் தகட்டோடு இணைத்து, படிகத்தின் மேல் வலிய ஒளியைப் பாய்ச்சினார். படிகத்தின் மேல் குமிழிகள் எழுந்தன. ஒளியை மறைத்தால் குமிழிகள் நின்றன. சோதித்துப் பார்த்தபோது, படிகத்திலிருந்து எழுந்தது ஆக்சிஜன்; பிளாட்டினத்திலிருந்து எழுந்தது ஹைட்ரஜன். ஒளி நீரைப் பிளந்திருந்தது! துத்தநாக ஆக்சைடு போன்ற பொருள்கள் இத்தகைய சோதனையில் தாமே கரைந்துபோவது வழக்கம். இந்தப் படிகமோ, எத்தனை நேரம் ஒளி பட்டாலும் சிறிதும் தேயவில்லை. 1972-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இவ்விருவரும் இதனை வெளியிட்டனர்.

அப்படிகத்தினுள் நடந்தது என்ன? டைட்டானியம் டை-ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதிலுள்ள எலெக்ட்ரான்கள் தத்தம் இடங்களில் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றைக் கட்டிலிருந்து விடுவிக்க ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல் ஒரே தவணையில் கிடைக்க வேண்டும். தென்னை ஏறத் தெரியாத நூறு பேர் மரத்தடியில் கூடி நின்றாலும் ஒரு தேங்காய் விழாது. ஏறத் தெரிந்தவன் ஒருவன் போதும். அதுபோல, செவ்வொளி எவ்வளவு பாய்ந்தாலும் பயனில்லை. கண்ணாடிப் பூச்சுக்கு உகந்த அனடேஸ் என்னும் படிக வகையில், அலைநீளம் ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியே எலெக்ட்ரானை எழுப்பவல்லது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களே அவ்வளவு குறுகிய அலைகள். சூரிய ஒளியில் அவற்றின் பங்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான்.

எலெக்ட்ரான் ஒன்று எழுந்து சென்றால் அதன் இடம் வெறுமையாகிறது. அவ்வெற்றிடத்தை அறிவியலார் 'துளை' என்பர். துளைக்கு எலெக்ட்ரான் பசி மிகுதி. பரப்பில் ஒட்டியுள்ள நீரின் மூலக்கூறுகளிலிருந்து அது எலெக்ட்ரானைப் பறிக்கிறது. அதனால் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்புத் தோன்றுகிறது. எழுந்து சென்ற எலெக்ட்ரானோ காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு அதையும் வினைக்குத் தூண்டுகிறது. இவை இரண்டும் எண்ணெய், புகைப்பசை போன்ற கரிமப் பொருள்களைத் தாக்கிப் படிப்படியாகச் சிதைத்து, இறுதியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடுகின்றன. விறகை எரித்தாலும் முடிவில் கிடைப்பவை இவையே. ஆதலால் இதனைத் தீயில்லாமல் எரித்தல் என்று சொல்லலாம். எரிப்பது எரிகிறதா என்றால், இல்லை. டைட்டானியம் டை-ஆக்சைடு வினையைத் தூண்டிவிட்டுத் தான் மாறாமல் நிற்கிறது. எனவே அதனை ஒளி வினையூக்கி என்கிறோம்.

ஃபுஜிஷிமாவின் கண்டுபிடிப்பு வெளிவந்த மறு ஆண்டே, 1973-இல், உலகில் எண்ணெய் நெருக்கடி தோன்றியது. சூரிய ஒளியால் நீரைப் பிளந்து ஹைட்ரஜனை எரிபொருளாகப் பெறலாம் என்று எங்கும் நம்பிக்கை பிறந்தது. பல நாட்டு அறிஞர்கள் இம்முயற்சியில் இறங்கினர். ஆனால், கிடைத்த ஹைட்ரஜனோ சிறிது. சூரிய ஒளியில் பயன்படும் பங்கே சில விழுக்காடு என்றால், பெரும் பலன் எப்படிக் கிடைக்கும்? ஆண்டுகள் கடந்தன, ஆர்வம் குன்றியது.

இந்த இடத்தில்தான், மாணவ நண்பர்களே, சிந்தனை ஒன்று திசை திரும்பியது. 1990-ஆம் ஆண்டையொட்டி ஃபுஜிஷிமாவும், அவருடன் பணியாற்றிய ஹஷிமோட்டோ கசுஹிட்டோவும், பீங்கான் பொருள்கள் செய்யும் டோட்டோ நிறுவனத்தின் வத்தனபே தோஷியாவும் வேறொரு கேள்வியை எழுப்பினர். ஒளி தரும் ஆற்றல் சிறிது என்றால், சிறிய ஆற்றலே போதுமான வேலை எது? ஒரு நாட்டின் வண்டிகளை ஓட்டப் போதாத ஆற்றல், ஒரு சுவரின் மேல் ஒரு நாளில் படியும் பசையைப் போக்கப் போதும் அன்றோ? குளியலறை ஓட்டில் படியும் மாசும் நுண்ணுயிர்களும் அளவில் மிகச் சிறியவை. அவை மெல்ல மெல்லத்தான் சேர்கின்றன. சேரும் வேகத்தைவிட அழிக்கும் வேகம் சற்றே மிகுந்திருந்தால் போதும். பரப்பு என்றும் தூய்மையாக இருக்கும். விடை மாறவில்லை, கேள்விதான் மாறியது. தோல்வியென்று ஒதுக்கிய ஒன்று அதனால் வெற்றியாயிற்று.

இதற்கு நல்ல சான்று ஜப்பானின் நெடுஞ்சாலைச் சுரங்கங்கள். மலைகளைக் குடைந்து செல்லும் அச்சாலைகளில் இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும். வண்டிகளின் புகை விளக்குகளின் கண்ணாடி மூடிகளில் படிந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வண்டிகள் விரைந்தோடும் சுரங்கத்தில் அவற்றைத் துடைப்பது எளிதன்று; துடைப்பவருக்கு இடரும் உண்டு. எங்கள் வீட்டுச் சிமினியின் கதைதான் அங்கே பெரிய அளவில் நடந்தது. அச்சுரங்கங்களில் எரிந்த சோடிய விளக்குகள் மஞ்சள் ஒளியோடு சிறிது புற ஊதாக் கதிரையும் உமிழ்ந்தன. அதுவரை வீணாகிய அக்கதிரைப் பயன்படுத்த, மூடியின் மேல் டைட்டானியம் டை-ஆக்சைடைப் பூசினர். விளக்கு தன் ஒளியாலேயே தன் மூடியில் படிந்த பசையை அழித்துக்கொண்டது.

பசை அழிவது முதற்பகுதி. நீர் பரவுவது இரண்டாம் பகுதி. இதனை 1995-இல் டோட்டோ ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத விதமாகக் கண்டனர். சாதாரணக் கண்ணாடியின் மேல் நீர்த்துளி குமிழாக நிற்கும். புற ஊதா ஒளி பட்ட டைட்டானியம் டை-ஆக்சைடுப் பரப்பிலோ, துளி உருக்குலைந்து தகடு போல் பரவிவிடுகிறது. துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணத்தைத் தொடுகோணம் என்பர். அது இங்கே ஏறத்தாழப் பாகை சுழியத்துக்கே இறங்கிவிடுகிறது. 1997-இல் இது 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. பரவிய நீர் அழுக்கின் அடியில் புகுந்து அதைத் தூக்கிக்கொண்டு வழிந்தோடுகிறது. துளியாக நிற்காததால், காய்ந்த பின் கறையும் மிகக் குறைவு.

இவ்விடத்தில் உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். ஒட்டாத உறவுக்குத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்கிறோம். தாமரை இலை நீரைச் சிறிதும் பரவவிடாமல் உருட்டிவிட்டே தூய்மையாக இருக்கிறதே, இக்கண்ணாடி நேர்மாறாகச் செய்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். தாமரை இலையின் நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்து நீரை உருண்டையாக்குகின்றன; உருளும் துளி தூசை அள்ளிச் செல்கிறது. இதனை ஜெர்மானியத் தாவரவியலார் பார்த்லாட், நைன்ஹூயிஸ் என்போர் அதே 1997-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். ஊர் ஒன்றுக்கு வழி இரண்டு. நீரை அறவே விலக்குவதும் தூய்மைக்கு வழி. முழுதும் ஏற்பதும் வழி. இரண்டுங்கெட்டானாக நிற்கும் சாதாரணக் கண்ணாடியில்தான் கறை தங்குகிறது.

இனி, கண்ணாடியின் மேல் இப்பூச்சை எவ்வாறு ஏற்றுகிறார்கள் என்று பார்ப்போம். 2001-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் இத்தகைய சாளரக் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை உலகுக்கு அளித்ததும் அந்நிறுவனமே. மிதந்து வரும் கண்ணாடி சூடு ஆறுவதற்கு முன்பே, டைட்டானியச் சேர்மம் ஒன்றின் ஆவியை அதன் மேல் செலுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் ஆவி சிதைந்து, டைட்டானியம் டை-ஆக்சைடாகக் கண்ணாடியோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. இப்பூச்சின் பருமன் ஏறத்தாழ 15 நானோமீட்டர். நம் தலைமயிரின் பருமன் அதைப்போல் சுமார் 5,000 மடங்கு. வெண்பொடி என்றோமே, கண்ணாடி வெளுத்துவிடாதா என்றால், இல்லை. இவ்வளவு மெல்லிய படலம் ஒளியைச் சிதறடிப்பதில்லை. கூர்ந்து பார்த்தால் கண்ணாடி சற்றுக் கூடுதலாகப் பளபளக்கும், அவ்வளவே.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்த நாட்களில் இதனை மாணவர்களுக்குக் காட்ட எண்ணினேன். ஒரே அளவான இரு கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டோம். ஒன்று பூச்சுள்ளது, மற்றது இல்லாதது. இரண்டின் மேலும் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை மெல்லிய படலமாகப் பூசி, மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். மாலையில் வந்து பார்த்தபோது, பூச்சில்லாத கண்ணாடியில் நீலம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. பூச்சுள்ளதில் அது வெளிறிப்போயிருந்தது. வாயால் ஊதிப் பார்த்தோம். ஒன்று பனி பூத்தது போல் மங்கிற்று. மற்றது தெளிவாகவே இருந்தது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள்; எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அப்பொழுது பின்வரிசை மாணவன் ஒருவன், தன் மிதிவண்டிச் சங்கிலியிலிருந்து வழித்தெடுத்த மசகைப் பூச்சுள்ள கண்ணாடியில் அப்பி, "ஐயா, இதையும் வெயிலில் வைக்கலாமா?" என்றான். வைத்தோம். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் ஆயிற்று. மசகு அசையவில்லை. வகுப்பு சிரித்தது. நான் முதலில் சற்று நாணமுற்றேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அன்று அம்மாணவன் கேட்ட கேள்வியே என் பாடத்தின் மிகச் சிறந்த பகுதியாயிற்று. மசகு திண்ணியது, ஒளியை உள்ளே விடாதது. ஒளி படாத பூச்சு உறங்கும் பூச்சு. அன்றாடம் படிவதை அன்றாடம் அழிக்க அதனால் இயலும். ஒரே நாளில் அப்பியதை அழிக்க அதனால் இயலாது.

இதனோடு வேறு சில எல்லைகளையும் நீங்கள் அறிய வேண்டும். மணல், சிமெண்டுத் தூள், உப்பு ஆகியவை கரிமப் பொருள்கள் அல்ல; அவற்றை இப்பூச்சுச் சிதைக்காது. மழையோ, வாளித் தண்ணீரோதான் அவற்றைக் கழுவ வேண்டும். நெடுங்காலம் மழையற்ற, புழுதி மிகுந்த இடத்தில் கண்ணாடி தானே துலங்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாளரத்தின் வெளிப்புறத்தில்தான் பூச்சு இருக்கும். உட்புறத்தை நாம்தான் துடைக்க வேண்டும். சட்டத்தின் ஓரத்தை அடைக்கும் சிலிக்கோன் பசையிலிருந்து கசியும் எண்ணெய் அதன் வேலையைக் கெடுக்கும். புதிய கண்ணாடியைப் பொருத்திய பின், வெயில் பட்டு அது விழித்தெழச் சில நாட்கள் ஆகும். ஆகவே, தானே துலங்கும் கண்ணாடி என்ற பெயர் சற்று மிகையானது. துடைக்கும் வேலையைக் குறைக்கும் கண்ணாடி என்பதே நேர்மையான பெயர். உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவர்களை எண்ணிப் பாருங்கள். பத்து முறை தொங்க வேண்டியவர் ஐந்து முறை தொங்கினால் போதும் என்றாலும், அது சிறிய நன்மையா?

புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் இவ்வூக்கியை எழுப்ப முடியுமா என்று அறிஞர்கள் தேடி வருகிறார்கள். டைட்டானியம் டை-ஆக்சைடில் சிறிதளவு நைட்ரஜனைப் புகுத்தினால் நீல ஒளிக்கும் அது விழிக்கும் என்று 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஆசாஹியும் அவர் தோழர்களும் காட்டினர். அவ்வழியில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய உண்டு. அதைச் செய்யப்போகிறவர்கள், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலராக இருக்கலாம்.

இனி, தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டுச் சிமினியின் உட்புறத்தில் இப்பூச்சு இருந்திருந்தால் அக்காவின் கை தப்பியிருக்குமா? தப்பியிருக்காது என்பதே உண்மையான விடை. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளியில் புற ஊதாக் கதிர் இல்லையென்றே சொல்லலாம். சுரங்க விளக்கு செய்ததை அது செய்திராது. பகலில் வெயிலில் வைத்தாலும், ஓர் இரவில் படியும் அவ்வளவு கரியை ஒரு பகலில் அழிக்க இப்பூச்சால் ஆகாது. அந்த மசகைப் போலவே கரியும் ஒளியை மறைத்து நின்றிருக்கும்.

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தபோது அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நாள் துடைக்காமல் விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு தேய்க்க வேண்டும், அதனால்தான் நான் ஒரு நாளும் விட்டதில்லை" என்றாள். ஜப்பானிய அறிஞர்கள் பல ஆண்டு ஆராய்ந்து கண்ட தத்துவமும் அதுதான். அழுக்கு சேர்ந்த பின் அதை வெல்வது அரிது. சேருமுன் நாள்தோறும் சிறிது சிறிதாகப் போக்குவது எளிது. மங்கிய ஒளியும் அதற்குப் போதும். மெல்லிய கையும் போதும்.